ஆபீஸ்ல கிண்டல் பண்றத நான் மொத்தமா நிறுத்திடணுமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயசு 36, ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல இருக்கேன். சின்ன வயசுலேர்ந்தே எதப் பாத்தாலும் எனக்கு ஒரு வேடிக்கை தோணிடும். லிஃப்ட் பட்டன்ல லைட் எரிஞ்சுகிட்டே இருக்கும், ஆனாலும் புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் அத இன்னொரு தடவ அழுத்திட்டுத்தான் நிப்பாங்க இல்லையா, அந்த மாதிரி விஷயத்த நாலு வரியா எழுதி எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடுவேன், எல்லாரும் ரசிப்பாங்க. ரெண்டு மாசம் முன்னாடி, எப்பவும் மீட்டிங்ல "கடைசியா ஒரே ஒரு பாயிண்ட்"னு ஆரம்பிச்சு அரைமணி நேரம் பேசுற ஒரு சீனியர் அண்ணனப் பத்தி, "கடைசி பாயிண்டுக்கு வழியனுப்பு விழா, அனைவரும் வருக, விழா முடியும் நேரம் பின்னர் அறிவிக்கப்படும்"னு அழைப்பிதழ் மாதிரி எழுதிப் போட்டேன். குரூப் பூரா சிரிப்பு எமோஜி. அவரும் ஒரு கட்டைவிரல் போட்டார். ஆனா அன்னையிலேர்ந்து மீட்டிங்ல அவர் வாயே தெறக்கறதில்ல, என்கிட்டயும் பேசறதில்ல. மேனேஜர் கூப்பிட்டு "இது ஆபீஸும்மா, கொஞ்சம் சீரியஸா இரு"ன்னார். இத்தனைக்கும் அதே மேனேஜர் அந்த அண்ணன மீட்டிங்லயே கிண்டல் பண்ணுவார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நான் பண்ணா மட்டும் தப்பா? இப்ப எழுதறதையே விட்டுட்டேன். "ஏம்மா நீ இப்பல்லாம் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற"ன்னு வீட்ல பொண்ணு கேக்குறா. நான் சீரியஸான ஆளா மாறிடணுமா? இன்னொண்ணு, திட்டு வாங்கும்போது எனக்கு சிரிப்பு வந்துடுது, அன்னைக்கு மேனேஜர் ரூம்லயும் வந்துடுச்சு. இது ஏதாவது வியாதியா?

(பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகி)

பதில்:

வணக்கம்மா. மொதல்ல பதிலச் சொல்லிடுறேன், நீங்க மாற வேண்டாம். ஆனா அந்த அண்ணன்கிட்ட போய் பேசணும், அதையும் இந்த வாரமே பண்ணணும். இது ரெண்டையும் நான் ஒரே மூச்சுல சொல்றதுக்குக் காரணம் இருக்கு, ஏன்னா உங்க லெட்டர்ல நீங்க ரெண்டு விதமான எழுத்தச் சொல்லியிருக்கீங்க, ரெண்டையும் ஒரே பைக்குள்ள போட்டு மொத்தமா தூக்கிப் போடப் பாக்குறீங்க.

லிஃப்ட் பட்டன எடுத்துக்கோங்க. அத நான் படிச்சப்ப வாய்விட்டு சிரிச்சேன், ஏன்னா நானும் அழுத்துறவதான், எரியுற லைட்ட கண்ணால பாத்துகிட்டேதான் அழுத்துவேன். முன்னாடி நின்னவர் அழுத்துனது அவருக்கு, நான் அழுத்துனாத்தான் நான் வந்த விஷயம் லிஃப்டுக்குத் தெரியும்ங்கிற மாதிரி ஒரு நினைப்பு எல்லாருக்குள்ளயும் இருக்கு. இந்த மாதிரி எத்தனை இருக்கு பாருங்க. "ஃபைல இணைச்சிருக்கேன்"னு எழுதிட்டு இணைக்காமலே மெயில அனுப்புறது. யாரோ கைய ஆட்டுறாங்கன்னு நாமளும் ஆட்டிட்டு, அப்புறம் அது நம்ம பின்னாடி நிக்கிறவருக்குன்னு தெரிஞ்சதும் தூக்குன கைய அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியக் கோதிக்கிறது. வாசல்ல ரொம்ப நேரம் பேசி "சரி வரேன்"னு முறையா விடைபெற்ற ரெண்டு பேரு, போற வழி ஒண்ணேதான்னு தெரிஞ்சு அதுக்கப்புறம் என்ன பேசறதுன்னு தெரியாம பக்கத்துல பக்கத்துல நடக்குறது. "இழு"ன்னு எழுதியிருக்கிற கதவத் தள்ளிப் பாத்துட்டு, பூட்டியிருக்குன்னு முடிவு கட்டித் திரும்பி வர்றது.

இதையெல்லாம் கவனிக்கிற கண்ணு எல்லாருக்கும் அமையாது. வேலைப் பளுவால மனசு நொந்து என்கிட்ட வர்றவங்க பலபேரு திரும்பத் திரும்பச் சொல்ற விஷயம், "எனக்கு மட்டும்தான் இப்படி நடக்குது"ங்கிறது. தான் மட்டும் தடுமாறுற மாதிரியும் சுத்தி இருக்கிற அத்தனை பேரும் கச்சிதமா வாழுற மாதிரியும் அவங்களுக்குத் தோணும். நீங்க எழுதுன நாலு வரி அந்த நினைப்பத்தான் ஒடைக்குது, அட இவங்களும் அழுத்துறாங்களான்னு ஒரு நிம்மதி வருது, அதுதான் சிரிப்பா வெளிய வருது. அதனாலதான் அத விடாதீங்கன்னு சொல்றேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்லல.

இப்ப அந்த அழைப்பிதழுக்கு வருவோம். எழுத்துன்னு பாத்தா நல்லா எழுதியிருக்கீங்க, அதுல சந்தேகமே இல்ல. "முடியும் நேரம் பின்னர் அறிவிக்கப்படும்"ங்கிற வரி இருக்கே, அது கைதேர்ந்தவங்க எழுதுற வரி. ஆனா லிஃப்ட் பட்டன்ல மாட்டுனது எல்லாரும், நீங்களும் சேத்து. அழைப்பிதழ்ல மாட்டுனது ஒரே ஒரு ஆளு, மத்த எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க. தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்ல எட்டு உணர்ச்சிய அடுக்கும்போது மொதல்ல நிக்கிறதே நகைதான், அந்த நகை எதுலேர்ந்து பொறக்குதுன்னு நாலு இடத்தையும் சொல்றாரு, எள்ளல், இளமை, பேதைமை, மடன்னு. உங்க லிஃப்ட் கதை பேதைமையில பொறந்தது, நம்ம எல்லாருக்கும் பொதுவா இருக்கிற அந்த அறியாமை. அழைப்பிதழ் எள்ளல்ல பொறந்தது. ரெண்டுக்குமே சிரிப்பு வரும், தொல்காப்பியரும் ரெண்டையும் நகையிலதான் சேக்குறாரு, ஆனா எள்ளல்ல மட்டும் சிரிப்புக்கு ஆளாகுறவர்னு ஒருத்தர் தனியா நிக்கிறாரு.

உளவியல்லயும் இதுக்குக் கிட்டத்தட்ட ஒரு விளக்கம் உண்டு. 2010ல பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் சேந்து எழுதுன கட்டுரையில சொன்னது, ஒரு விஷயம் நமக்கு வேடிக்கையா படணும்னா அதுல ஏதோ ஒண்ணு ஏடாகூடமா இருக்கணும், அதே நேரத்துல அதனால ஒண்ணும் ஆபத்தில்லன்னும் தோணணும், இது ரெண்டும் ஒரே சமயத்துல மனசுல படணும். ஏடாகூடம் மட்டும் இருந்து ஆபத்தில்லங்கிற நினைப்பு வரலன்னா சிரிப்பு வராது, கோபம் வரும், இல்ல வலிக்கும். அந்த அழைப்பிதழ் உங்களுக்கும் குரூப்ல இருந்த மத்தவங்களுக்கும் ஆபத்தில்லாதது. அவருக்கு அப்படி இல்ல, ஏன்னா அடுத்த மீட்டிங்ல வாயத் தெறக்க வேண்டியவர் அவர்தான், தெறந்தா எல்லாருக்கும் அந்த விழா ஞாபகம் வரும்னு அவருக்குத் தெரியும். அதனால தெறக்கல.

அவரும் கட்டைவிரல் போட்டாரே, குரூப்பே சிரிச்சுதேன்னு நீங்க கேக்கலாம். அந்தக் கட்டைவிரல நம்பாதீங்க. அத்தன பேரும் சிரிச்சுகிட்டு இருக்கும்போது அதுக்கு ஆளான மனுஷனுக்கு வேற என்ன வழி இருக்கு சொல்லுங்க, சும்மா இருந்தா கோவிச்சுக்கிட்டாருன்னு சொல்வாங்க, கோவிச்சுக்கிட்டா ஒரு ஜோக்க கூட தாங்கத் தெரியலன்னு சொல்வாங்க. குரூப் சிரிப்பும் அப்படித்தான், அத முழுசா உங்க எழுத்துக்குக் கெடச்ச மார்க்குன்னு எடுத்துக்காதீங்க. அமெரிக்காவுல ராபர்ட் புரோவைன்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஜனங்க சாதாரணமா பேசிக்கிற எடத்துல நின்னு, யாரு என்ன சொன்னதும் சிரிப்பு வருதுன்னு சுமார் 1,200 சிரிப்ப குறிச்சு வச்சாரு, 1993ல அது வெளிவந்துச்சு. அதுல ஜோக்குன்னு சொல்லக்கூடிய பேச்சுக்கு அப்புறம் வந்த சிரிப்பு 10லேர்ந்து 20 சதவீதம்தான். மிச்சமெல்லாம் "சரி அப்புறம் பாப்போம்" மாதிரி வெறும் சாதாரண பேச்சுக்கு அப்புறம் வந்தது. அதாவது மனுஷங்க பெரும்பாலும் சிரிக்கிறது ஜோக்கு நல்லா இருக்குன்னு இல்ல, நானும் உங்களோடதான் இருக்கேன்னு காட்டிக்க.

இத மனசுல வச்சுகிட்டு உங்க மேனேஜர் விஷயத்துக்கு வாங்க, ஏன்னா உங்க லெட்டர்ல கோபம் இருக்கிற இடம் அதுதான், அந்தக் கோபம் நியாயமானதும் கூட. ரோஸ் கோசர்னு ஒரு சமூகவியலாளர் ஒரு மனநல ஆஸ்பத்திரியோட ஸ்டாஃப் மீட்டிங்ல உக்காந்து யாரு யாரக் கிண்டல் பண்றாங்கன்னு கவனிச்சு 1960ல எழுதுனாங்க. சீனியர் டாக்டர்ங்கதான் அதிகமா ஜோக்கு அடிச்சாங்க, கிண்டல் மேலேர்ந்து கீழதான் போச்சு, ஜூனியர்ங்க யாரும் அங்க உக்காந்திருந்த சீனியர ஒரு தடவ கூட கிண்டல் பண்ணல. 1960ல இருந்த நெலமை இன்னைக்கு எந்த மீட்டிங் ரூமுக்குள்ள போனாலும் தெரியுது. மேனேஜர் கிண்டலுக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறது அந்தக் கிண்டல் அவ்ளோ நல்லா இருக்குன்னு இல்ல, அவர் மேனேஜர்ங்கிறதால. அவர் பண்றதும் தப்புதான், உங்களவிட அதிகாரம் உள்ளவர் பண்றதால கொஞ்சம் கூடுதலாவே தப்பு. ஆனா அவர் பண்றாரேங்கிறத நீங்க ஒரு அனுமதியா எடுத்துக்காதீங்க. அந்த அண்ணன் பக்கத்துலேர்ந்து பாருங்க, மேலேர்ந்து ஏற்கனவே ஒரு கிண்டல் வந்துகிட்டு இருக்கு, கூட வேலை பாக்குறவங்களாவது நம்ம பக்கம்னு இருந்திருப்பாரு, அந்த எடத்துலதான் உங்க அழைப்பிதழ் வந்து விழுந்திருக்கு. மேனேஜர் கிண்டலவிட உங்களது அவருக்கு அதிகமா வலிச்சிருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இன்னொரு விஷயமும் யோசிச்சேன், அவர் ஏன் "கடைசியா ஒரே ஒரு பாயிண்ட்"னு ஆரம்பிச்சு அரைமணி நேரம் பேசுறாரு? எனக்கு அவரத் தெரியாது, ஆனா இப்படிப் பேசுற நெறைய பேர நான் பாத்திருக்கேன். மொதல்ல சொன்ன பாயிண்ட்ட யாரும் சரியா காதுல வாங்கலன்னு அவங்களுக்குள்ள ஒரு தவிப்பு இருக்கும், அதனால அதையே வேற வேற மாதிரி சொல்லிப் பாப்பாங்க, யாராவது ஒருத்தர் "சரி, நீங்க சொல்றது புரியுது, இத இப்படிச் செய்யலாம்"னு சொன்னா பெரும்பாலும் அங்கயே நிறுத்திடுவாங்க. யாரும் சொல்றதில்ல, எல்லாரும் கடிகாரத்தப் பாக்குறாங்க, அதப் பாத்துட்டு அவருக்கு இன்னும் பதட்டம், இன்னும் ஒரு பாயிண்ட். இத நீங்க கவனிச்சிருந்தீங்கன்னா உங்க எழுத்து வேற மாதிரி வந்திருக்கும்னு நான் நெனைக்கிறேன், இன்னும் நல்லா வந்திருக்கும்.

எழுத்துல போட்டதும் ஒரு காரணம். இதே வரிய நீங்க மீட்டிங் முடிஞ்சு வெளிய வரும்போது அவர் தோள்கிட்ட நின்னு, "அண்ணே, உங்க கடைசி பாயிண்டுக்கு ஒரு வழியனுப்பு விழா வைக்கப்போறேன்"னு சிரிச்ச முகத்தோட சொல்லியிருந்தா அவரும் உங்கள திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாரு, அதோட முடிஞ்சிருக்கும். குரூப்ல போட்டா உங்க முகமும் குரலும் கூடப் போகாது. 2005ல ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து இத சோதிச்சுப் பாத்தாங்க, மெயில்ல கிண்டலா எழுதுனவங்க இது கிண்டல்னு படிக்கிறவங்களுக்குக் கண்டிப்பா புரியும்னு நம்புனாங்க, ஆனா அவங்க நம்புன அளவுக்குப் புரியல, குரல்ல கேட்டவங்களுக்கு நல்லா புரிஞ்சுது. எழுதும்போது நம்ம மண்டைக்குள்ள நம்ம குரல் ஓடுறதால அது மத்தவங்களுக்கும் கேக்குதுன்னு நெனைச்சுக்கிறோம். இந்தத் தொந்தரவு ரொம்ப பழசு. 1982ல கார்னெகி மெலன் யுனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் வழியா பேசிக்கிட்டிருந்தவங்க, லிஃப்ட்டுக்குள்ள பாதரசம் கொட்டிடுச்சுன்னு வெளையாட்டா வந்த ஒரு எச்சரிக்கைய சில பேர் நெஜம்னு எடுத்துக்க, அதுக்கப்புறம்தான் ஸ்காட் ஃபால்மன் செப்டம்பர் 19ஆம் தேதி, ஜோக்குன்னு தெரியணும்னா கோலன், கோடு, அடைப்புக்குறி மூணையும் சேத்துப் போடுங்கன்னு யோசனை சொன்னாரு. இன்னைக்கு நம்ம போன்ல இருக்கிற அத்தன சிரிப்பு மூஞ்சிக்கும் அது ஒரு முன்னோடி. ஆனா அது ஒரு விஷயத்துக்குத்தான் உதவும், இது ஜோக்குன்னு சொல்லிடும். அதனால வலிக்காம இருக்காது. நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சின்னு வள்ளுவர் சொன்னது அதத்தான். அதே பண்புடைமை அதிகாரத்துல நாலே குறள் தள்ளி, மத்தவங்களோட சிரிச்சு மகிழத் தெரியாதவங்களுக்கு இந்தப் பெரிய உலகம் பகல்லயும் இருட்டாத்தான் கெடக்கும்னும் சொல்றாரு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், ரெண்டையும் அவர் ஒரே அதிகாரத்துல வச்சிருக்காரு. உங்க மேனேஜர் சொன்ன "சீரியஸா இரு" இதுல எங்கயும் இல்ல.

சரி, அவர்கிட்ட எப்படிப் பேசறது. குரூப்ல மன்னிப்பு கேக்காதீங்க, அது அந்த விஷயத்த எல்லார் முன்னாடியும் திரும்பக் கெளறும், மெசேஜும் வேண்டாம், நேர்ல, தனியா. "அண்ணே, அன்னைக்கு நான் போட்டது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும், எல்லார் முன்னாடியும் அப்படிப் போட்டிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க" அவ்ளோதான், இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். "சும்மா ஜோக்குக்குத்தான்ணே"ன்னு ஒரு வார்த்தை சேந்தா கூட மன்னிப்பு போயிடும், தப்பா எடுத்துக்கிட்ட நீதான் பிரச்சனைன்னு ஆயிடும். "நீங்க வருத்தப்பட்டிருந்தா"ன்னு ஆரம்பிக்கிறதும் வேண்டாம், அவர் வருத்தப்பட்டாருன்னு உங்களுக்கே தெரியும். அவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம், போகட்டும், உடனே பழையபடி ஆகணும்னு அவசரப்படாதீங்க. அடுத்த மீட்டிங்ல அவருக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒரு விஷயம் வந்தா "இதுல அண்ணன் என்ன நெனைக்கிறாருன்னு கேக்கலாமே"ன்னு சொல்லுங்க, அவர் பேசும்போது நோட்டுல எழுதிக்கோங்க, உண்மையாவே எழுதிக்கோங்க. ரெண்டு மாசமா வாய மூடிட்டு உக்காந்திருக்கிற ஒருத்தருக்கு மன்னிப்பவிட அதுதான் பெரிசு.

எழுதறதுக்கு வருவோம். திரும்ப ஆரம்பிங்க, லிஃப்ட் பட்டன் மாதிரி நாம எல்லாரும் பண்றத எழுதுங்க, அதுல உங்களையும் சேத்துக்கோங்க. ஆனா இங்க ஒரு எச்சரிக்கை, இந்த மாதிரி ஒரு தடவ அடிபட்டவங்க அடுத்து பண்றது தன்னையே மட்டம் தட்டி எழுதறது, யாரையும் காயப்படுத்தாத கிண்டல் இது மட்டும்தான்னு நெனைச்சுக்கிட்டு. ராட் மார்ட்டின்னு ஒரு உளவியலாளர் 2003ல தன் குழுவோட நகைச்சுவைய நாலு வகையா பிரிச்சப்போ, மத்தவங்கள சிரிக்க வைக்க தன்னையே கீழ தள்ளிக்கிறதையும் கெடுதலான வகையிலதான் வச்சாரு, மத்தவங்களக் குத்துற வகைக்குப் பக்கத்துலயே. நீங்களும் ஒரு மனுஷிதானே, உங்களக் குத்துனா மட்டும் வலிக்காதா? எல்லாரோட சேந்து நீங்களும் நில்லுங்க, அது போதும். ஒரு குறிப்பிட்ட ஆளப் பத்தி எழுதணும்னு ஆசையா இருந்தா மொதல்ல அவர்கிட்டயே காட்டுங்க, அவர் சிரிச்சு "இதையும் சேத்துக்கோ"ன்னு ஏதாவது எடுத்துக் குடுத்தா குரூப்ல போடுங்க, மூஞ்சி ஒரு நொடி மாறுனாக்கூட போடாதீங்க. மாத்திக்க முடியாத எதையும், உடம்பு, குரல், திக்குவாய், வயசு, இதுல எதையும் தொடவே வேண்டாம், அதுக்கு அனுமதி கேக்குறதே தப்பு.

அதுக்கு முன்னாடி வீட்ல ஆரம்பிங்க. பொண்ணு கேட்டுட்டாளே, அவ எதிர்பாத்துட்டு இருக்கா. ராத்திரி அவகிட்ட இன்னைக்கு நடந்த ஒரு விஷயத்தச் சொல்லுங்க, அவளையும் ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. உங்க கண்ணு அவளுக்கும் வந்திருக்கான்னு தெரிஞ்சுக்க எனக்கே ஆசையா இருக்கு.

மேனேஜர்கிட்ட சண்டைக்குப் போக வேண்டாம், ஆனா தெளிவா ஒண்ணு கேட்டுக்கலாம், "சார், அந்த அண்ணன்கிட்ட நான் பேசிட்டேன், குரூப்ல வேலை சம்பந்தப்பட்டது மட்டும்தான் வரணுமா, இல்ல யாரையும் குறிப்பிடாம எழுதறது பரவாயில்லையா"ன்னு. வேலை விஷயம் மட்டும்னு சொன்னா அது அவர் முடிவு, விரும்புறவங்க மட்டும் இருக்கிற தனி குரூப் ஒண்ணு ஆரம்பிச்சுக்கோங்க. அடுத்த தடவ மேனேஜர் அந்த அண்ணன கிண்டல் பண்ணும்போது நீங்க சிரிக்காம இருங்க, எதுத்துப் பேச வேண்டாம், சிரிக்க மட்டும் வேண்டாம். அந்த அண்ணன் அதக் கவனிப்பாரு.

கடைசியா அந்த இன்னொரு கேள்வி. திட்டு வாங்கும்போது வர்ற சிரிப்பு வியாதி இல்ல. பதட்டம் தாங்காதப்போ சில பேருக்கு அழுகை வரும், சில பேருக்கு சிரிப்பு வரும். ஸ்டான்லி மில்கிராம் 1963ல வெளியிட்ட சோதனையில, பக்கத்து ரூம்ல இருக்கிறவருக்கு ஷாக் குடுக்கிறோம்னு நம்பிகிட்டு உண்மையிலயே தவிச்சுப் போயிருந்த 40 பேர்ல 14 பேருக்கு பதட்டத்துல சிரிப்பு வந்துச்சு, அவங்களுக்கு அது வேடிக்கையா இருந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா எதிர்ல உக்காந்திருக்கிற மேனேஜருக்கு இது தெரியாது, அலட்சியமா இருக்கீங்கன்னுதான் எடுத்துக்குவாரு. உதட்டக் கடிச்சு அடக்கப் பாக்காதீங்க, அடக்க அடக்க இன்னும்தான் வரும், மூச்ச மெதுவா நீளமா வெளிய விடுங்க, கையில ஒரு பேனாவ எடுத்து அவர் சொல்றத எழுத ஆரம்பிங்க. அப்படியும் வந்துடுச்சுன்னா "சார், பதட்டமானா எனக்கு இப்படித்தான் சிரிப்பு வரும், நீங்க சொல்றத கவனிச்சுகிட்டுத்தான் இருக்கேன்"னு அந்த நிமிஷமே சொல்லிடுங்க. காரணமே இல்லாம, பதட்டமும் இல்லாம, அடிக்கடி நிறுத்த முடியாத மாதிரி சிரிப்போ அழுகையோ வர ஆரம்பிச்சா மட்டும் ஒரு நரம்பியல் டாக்டரப் பாருங்க, நீங்க எழுதுனதப் பாத்தா உங்களுக்கு அந்த மாதிரி தெரியல.

அந்த அண்ணன் என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதுங்க.